தட்டான் பார்த்த கடுகு

கல்யாண வீடுகளில் எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியதில்லை. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் சாம்பார் வருவதற்குள் கேட்டுவிடுவார், "என்ன படிச்சிருக்க?" பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்பேன். "அப்ப ஸ்கேன் மிசின்ல வேலையா?" இல்லை, பூச்சிகளுக்குக் கண் எப்படித் தெரிகிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன் என்பேன். ரசம் வரும்வரை பேச்சே இருக்காது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பி இன்னொருவரிடம், "நல்லாப் படிச்ச புள்ள, என்னமோ ஆயிப்போச்சு" என்று சொல்வது எனக்கும் கேட்கும்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல புத்தியோடுதான் இந்த வேலைக்கு வந்தேன். அதைப் பந்தியில் சொல்லி முடிக்க நேரம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சிவகாசிப் பக்கம், விஸ்வநத்தத்தை ஒட்டி ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் அம்மா இருபது வருடத்துக்கும் மேலாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறாள். பட்டாசுக்குள் போகிற தூளுக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். அப்பா நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாவின் உழைப்பில்தான் இன்ஜினியரிங் படித்தேன். படித்து முடித்ததும் விருதுநகரில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஸ்கூட்டரில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு சாத்தூர், காரியாபட்டி என்று மாவட்டம் முழுக்கச் சுற்றினேன். போகிற இடமெல்லாம், "மெக்கானிக் வரலையாம்மா?" என்று கேட்பார்கள். நான்தான் மெக்கானிக் என்று சொல்லிவிட்டு மானிட்டரைக் கழற்ற ஆரம்பிப்பேன். சரியான பிறகும் நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வம்புக்கு வந்தாள். அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் அவள். சில வருடங்களுக்கு முன்னால் எதிர் அறையில் மருந்து தீப்பிடித்தபோது அவளுக்கு ஒரு கண் போய்விட்டது. மிச்சக் கண்ணில் எல்லாம் மங்கல். கதவு தெரியும், ஆள் தெரியும், பஸ் தெரியும். சின்னதாக இருந்து அசைகிற எதுவும் தெரியாது. கோழிக்குஞ்சை மிதித்துவிடுவாள். தெருவில் உருண்டு வரும் பந்து காலில் பட்ட பிறகுதான் உண்டு. தூரத்தில் வரும் ஸ்கூட்டர், பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால்தான் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் ஒரு ஈசிஜி மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் முன்னால் வந்து நின்றாள்.

"ஊரு ஆஸ்பத்திரி மிசினையெல்லாம் ரிப்பேர் பாக்குற. என் கண்ண ரிப்பேர் பாக்க மாட்டியா?"

"கண்ணெல்லாம் டாக்டர்தான் பாக்கணும்க்கா."

"அவுக பாத்து முடிச்சாச்சு. இனி ஒண்ணும் செய்யிறதுக்கில்லன்னுட்டாக. அதான் மெக்கானிக்கிட்ட வந்திருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கோபத்தோடு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன், படித்துக்கொண்டே போனதில் ஒரு தட்டானிடம் போய் நின்றேன்.

தட்டான் நம் கண்மாய்க் கரையில் பறக்கிற அதே தட்டான்பூச்சிதான். அதன் கண்ணுக்கு நம் கண்ணின் துல்லியம் கிடையாது. உலகம் அதற்கும் அக்காவுக்குத் தெரிவதுபோல மங்கலாகத்தான் தெரியும். ஆனாலும் பறக்கிற கொசுக்கூட்டத்தில் ஒரே ஒரு கொசுவைக் குறிவைத்துப் பிடித்துவிடுகிறது. குருணை அளவு மூளையை வைத்துக்கொண்டு, சின்னதாக அசைகிற பொருளை மட்டும் பிரித்து எடுக்கிறது. அது எப்படி என்று தெரிந்தால், அதே கணக்கை ஒரு சின்னக் கருவியில் போட்டு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாம். அசைகிற பொருளைச் சத்தமாக மாற்றிக் காதில் சொல்ல வைக்கலாம். நான் டாக்டர் இல்லை. கண்ணைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது. கருவி செய்யத் தெரியும்.

வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். வெளியூரில் பெரிய கல்லூரி, மூன்றாவது மாடியில் ஆய்வகம், முழுக்க ஏசி. என் வழிகாட்டிப் பேராசிரியர் கெட்ட மனிதர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக அப்படித் தோன்றக்கூடும். என் வேலை இதுதான்: தட்டானை ஒரு குச்சியில் மெழுகால் ஒட்டி நிறுத்த வேண்டும். அதன் கழுத்து வழியாக இறங்குகிற நரம்பில் முடியைவிட மெல்லிய கம்பியை வைக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி நகரும்போது அந்த நரம்பு துடிக்கிறதா என்று பதிவு செய்ய வேண்டும். பதிவு முடிந்தால் தட்டான் பிழைக்காது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இரண்டு வருடம் ஒரு நல்ல பதிவு கிடைக்கவில்லை. அந்த ஊரில் தட்டான் அபூர்வம். எங்கள் ஊரிலிருந்து காகித உறையில் போட்டு ரயிலில் கொண்டுபோனால் பாதி செத்துப் போகும், மீதி சாகக் கிடக்கும். உயிரோடு இருப்பதில் கம்பியை வைத்தால் நரம்பின் துடிப்பு தெரியாது, சுவரில் ஓடுகிற மின்சாரத்தின் இரைச்சல்தான் திரை முழுக்க அலை அலையாக வரும். கடைசியில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஜனவரியில கமிட்டி உக்காரும். அதுக்குள்ள சுத்தமான ஒரே ஒரு பதிவு காட்டும்மா. இல்லைன்னா இந்தத் தலைப்பை விட்டுரலாம். ஆஸ்பத்திரி ஈசிஜி டேட்டா நிறைய இருக்கு, அதுல ஈசியா முடிச்சுரலாம்."

ஈசிஜி மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தானே அங்கே போனேன், திரும்ப ஈசிஜியா? முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால், "தட்டான் இருக்கிற இடத்துக்கு நான் போறேன் சார்" என்றேன். ஆய்வகத்தின் மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றைக் கேட்டேன். பட்டாசு ஊரில் போய் நரம்பைப் பதிவு செய்யப் போகிறாயா என்று சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்த வாரம் அது. சீசன் முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும், அம்மா வீட்டில் இருப்பாள். மழை ஒரு வாரம் கொட்டிவிட்டு நின்றுபோயிருந்தது. கண்மாயில் தண்ணீர் இருந்தது, கரை முழுக்கத் தட்டான்கள். முன் அறையைக் காலி செய்து மேசையைப் போட்டேன். அதிர்வு தாங்குவதற்கு மேசையின் நாலு காலுக்கும் கீழே காற்றடித்த ஸ்கூட்டர் டியூப். மேசையைச் சுற்றி, இரைச்சலைத் தடுக்கக் கோழி வலையில் ஒரு கூண்டு. கம்ப்யூட்டர் திரையில் நகரும் படம் தட்டானுக்கு விட்டுவிட்டுத்தான் தெரியும், அதன் கண் அத்தனை வேகம். அதனால் ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் நைலான் நூலைக் குறுக்காகக் கட்டி, நூலில் ஒரு கடுகை ஒட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வைத்த சின்ன மோட்டார் நூலை இழுக்கும், கடுகு தட்டானின் கண்முன்னே நகரும். நரம்பு துடித்தால் ஆம்ப்ளிபயரில் மாட்டிய ஸ்பீக்கரில் சத்தம் கேட்கும்.

அக்கா வந்து ஸ்பீக்கரைத் தடவிப் பார்த்தாள். "என்ன புள்ள, கோயில் கொடைக்கு மைக்செட்டு போடப் போறியா?"

"தட்டான் பாடும். கேக்கலாம்."

"எம்புட்டு வருசம் படிச்சு கடைசில தட்டானுக்கு மைக்கு புடிக்கிற" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தினமும் வந்து உட்கார்ந்தாள்.

முதல் மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் கண்மாய், பகலெல்லாம் கூண்டு, ஸ்பீக்கரில் இரைச்சல். அங்கே மூன்றாவது மாடியில் கேட்ட அதே இரைச்சல். வயரை மாற்றினேன். வலையை இரண்டு அடுக்காக்கினேன். ஃபேனை நிறுத்தினேன், பிரிட்ஜை நிறுத்தினேன், பால் திரிந்தது. அதுவரை பேசாமல் இருந்த ஊர் பேச ஆரம்பித்தது. தட்டான் பிடிப்பதற்கெல்லாம் ஸ்காலர்ஷிப் கொடுக்கிறார்களாமே என்று தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் நான் ஆம்ப்ளிபயரின் பிளக்கைச் செருகும்போது பொறி பறந்தது. சின்னப் பொறிதான், எந்த வீட்டிலும் பறக்கிறதுதான். நான் நிமிர்ந்து பார்த்தபோது அறையில் யாரும் இல்லை. அம்மாவும் அக்காவும் தெருவைத் தாண்டி, எதிரே வெட்டவெளியில் போய் நின்றார்கள். கண் தெரியாத அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா எப்போது ஓடினாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. கம்பெனியில் பொறியைக் கண்டால் எட்டிப் பார்க்கக் கூடாது, கத்தக் கூடாது, கையிலிருப்பதை எடுக்கத் திரும்பக் கூடாது. ஓட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் நான் மெழுகு வாங்கச் சிவகாசிக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் பழைய செம்பு ஒன்று ஈர மண்ணில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மாவிடம் தகடு இல்லை, அதனால் தண்ணீர்ச் செம்பு. உள்ளே போனேன். முன் அறைத் தரை முழுக்கத் தண்ணீர். ஜன்னலில் ஈரச் சாக்கு. இரும்பும் நைலானும் பொறி கிளப்பும் என்று மருந்து அறையில் விடமாட்டார்கள்; இரும்பு நாற்காலி வெளியே கிடந்தது. என் நைலான் துப்பட்டா கொடிக்குப் போயிருந்தது. அம்மா அறையைக் கழுவி, துடைத்து, சாக்கு நனைத்துப் போட்டு, மருந்து அறையாகவே மாற்றிவிட்டாள்.

சுவரோரமாகத் தரையில் காகித உறைகளில் மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த தட்டான்கள். உறைகள் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தன. மேசை மேல் தனியாக வைத்திருந்த ஒரே ஒரு உறை மட்டும் தப்பித்திருந்தது.

நான் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "கரண்டு இருக்கிற ரூம்ல தண்ணிய ஊத்துவியா? அறிவு இருக்கா உனக்கு? இது என்ன மருந்து ரூமா? படிச்சவ சொல்றத என்னைக்காவது கேட்டிருக்கியா?"

அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "படிச்சவ கையில பொறி பறக்குது. படிக்காதவ கையில இத்தன வருசமா ஒரு பொறி பறந்ததில்ல" என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தெரியும். எழுதும்போதும் முகம் சுடுகிறது.

தரை காய மறுநாள் காலை ஆனது. மிச்சமிருந்தது ஒரு தட்டான், ஜனவரிக்கு மிச்சமிருந்தது சில வாரங்கள். வானம் மூடியிருந்தது, தட்டான் வெளியே வருகிற நாளாகத் தெரியவில்லை. இதையும் வீணாக்குவோம் என்ற எரிச்சலில்தான் அதை எடுத்து மெழுகில் நிறுத்தினேன். கம்பியை வைத்தேன். ஆம்ப்ளிபயரைப் போட்டேன். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. வயர் கழன்றுவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். எதுவும் கழலவில்லை. திரையில் கோடு நேராக, மழை நின்ற கண்மாய்போல அசையாமல் இருந்தது. மோட்டாரைப் போட்டேன். கடுகு நகர்ந்தது. டப், டப், டப் டப் டப் என்று ஸ்பீக்கர் பேசியது. கடுகு நின்றது. ஸ்பீக்கர் நின்றது.

நான் அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. இரண்டு வருடமாக எனக்குப் பதில் சொல்லாத ஒன்று பதில் சொல்லியிருந்தது. அந்த ஒரு தட்டானிலிருந்து மத்தியானம் வரை பதிவு எடுத்தேன்.

இரைச்சல் எங்கே போனது? ஈரச் சாக்கைக் கழற்றினேன், வரவில்லை. நாற்காலியை உள்ளே கொண்டுவந்தேன், வரவில்லை. வெயில் திரும்பி, தட்டான்கள் திரும்பி, மூன்றாம் நாள் தானாகவே இரைச்சல் மெல்ல ஏற ஆரம்பித்தது. அன்றைக்குப் பின்பக்கம் போனபோதுதான் கவனித்தேன். சுவரோரம், ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே, சிமெண்ட் மூடி போட்ட எர்த் குழி. வீட்டு மின்சாரத்தின் எர்த் கம்பி அதற்குள்தான் இறங்குகிறது. மூடி நகர்ந்திருந்தது, பக்கத்தில் காலி வாளி.

அக்காவைக் கேட்டேன். "உங்கம்மாதான் ஊத்துனா. கம்பெனில காலைல மொத வேலையே அதான. எர்த்து குழிக்குத் தண்ணி ஊத்தாம எந்த ரூமையும் தொறக்க விட மாட்டாகள்ல" என்றாள், எனக்கு இது தெரியாதா என்ற ஆச்சரியத்தோடு.

குழி வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்திருக்கிறது. சாய்ப்பு மறைத்ததால் மழைத் தண்ணீரும் போகவில்லை. காய்ந்த மண்ணில் கம்பியை இறக்கி என்ன பயன், மின்சாரம் இறங்க வழியில்லாமல் என் கூண்டையே சுற்றிக்கொண்டிருந்தது. விருதுநகர் மாவட்டம் முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், "எர்த் சரியில்லை, குழிக்குத் தண்ணீர் விடவும்" என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தவள் நான். தினமும் அந்தக் குழியைத் தாண்டித்தான் குளிக்கப் போனேன். ஒரு வாளி ஊற்றினேன். இரைச்சல் போனது. காய விட்டேன், வந்தது. மறுபடி ஊற்றினேன், போனது. ஆறு முறை இப்படிச் செய்து, ஆறு முறையும் குறித்து வைத்தேன்.

எங்கள் வீடுகளில் மன்னிப்பு கேட்கிற பழக்கம் இல்லை. அடுப்படிக்குப் போய் நின்று, "யம்மா, நாளைக்குக் காலைலயும் அந்தக் குழிக்குத் தண்ணி ஊத்திரு" என்றேன்.

"நீயே ஊத்திக்க. எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள். ஆனால் காலையில் நான் எழுந்தபோது குழி நனைந்திருந்தது.

பதிவுகளையும், எப்படிச் செய்தேன் என்ற குறிப்பையும் பேராசிரியருக்கு அனுப்பினேன். குறிப்பில் ஒளிக்கவில்லை. பட்டாசுத் தொழிலாளர்கள் தினமும் செய்வதுபோல எர்த் குழிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது, இதைச் செய்தவர் மருந்து அறைத் தொழிலாளியான என் தாய், நான் அல்ல என்று எழுதியிருந்தேன். மறுநாள் போன் வந்தது.

"பதிவு ரொம்ப சுத்தமா இருக்கும்மா."

"ஆமா சார்."

"ரொம்பவே சுத்தமா இருக்கு. இங்க இருக்கிற வசதிக்கே வராதது அங்க எப்படி வரும்னு கமிட்டில கேப்பாங்க. சாஃப்ட்வேர்ல ஏதாவது வழிச்சு எடுத்தியா?"

வழித்து எடுப்பது என்றால் பொய்ப் பதிவு என்று நாகரிகமாகச் சொல்வது. நான் இல்லை என்று சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அப்புறம் அந்தத் தண்ணி ஊத்துன கதையெல்லாம் வேண்டாம். முறையான எர்த்திங் செய்யப்பட்டதுன்னு ஒரு வரி போதும். உங்கம்மா ஊத்துனாங்க, தொழிலாளின்னு எழுதுனா யாரும் நம்ப மாட்டாங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"அந்த வரிய எடுக்க மாட்டேன். நடந்தது அதுதான். நம்பலைன்னா வந்து கேளுங்க. தட்டான் இங்கதான் இருக்கு, குழி இங்கதான் இருக்கு. தலைப்ப மாத்தணும்னா நேர்ல கேட்டுட்டு மாத்துங்க."

இப்படிப் பேசிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒரு கையெழுத்துப் போடாவிட்டால் என் ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது. அக்காவிடம் சொன்னேன். "வராட்டா போறாரு. நீ என்ன திருடியா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

பேராசிரியர் வந்தார். கமிட்டிக்கு நாலு நாள் முன்னால், சாத்தூரில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, வெயிலில் வேர்த்து வந்து நின்றார். கோபமாக வந்தாரா, ஆசையாக வந்தாரா என்று முகத்தில் தெரியவில்லை. கம்பெனி திறந்துவிட்டிருந்தது. அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அக்காவை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க சார். சாப்பிட்டீகளா?"

"ஆச்சும்மா."

"அப்ப செருப்ப அங்கன போடுங்க. போன வெளிய வைங்க. வாட்ச்சு, பெல்ட்டு கழட்டிருங்க. சட்ட என்ன துணி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"காட்டன்தான்" என்றார்.

"சரி. அந்தச் செம்பத் தொட்டுட்டு வாங்க. உள்ள நாலு பேருக்கு மேல கூடாது. நாம நாலு பேருதான். கதவ மறிச்சு உக்காரக் கூடாது."

போனும் வாட்ச்சும் என் கருவிக்கும் கெடுதல்தான், செம்பைத் தொடுவதும் நல்லதுதான். நாலு பேர் கணக்கு மருந்து அறைச் சட்டம், அதற்கு என் ஆராய்ச்சியில் எந்த அவசியமும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. எத்தனையோ ஆஸ்பத்திரி வாசலில் மெக்கானிக் எங்கே என்று கேட்கப்பட்டவள் நான். ஒரு பேராசிரியர் பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் அம்மாவின் உத்தரவுக்கு நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அவர் ஒவ்வொரு வயராகத் தொடர்ந்து பார்த்தார். கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். வெறும் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் மட்டும் இருக்கட்டும், வழித்து எடுக்க வாய்ப்பே இருக்கக் கூடாது என்றார். சரி என்றேன். அன்றைக்குக் காலையில் பிடித்த தட்டானை அவர் கண் எதிரே மெழுகில் நிறுத்தி, கம்பியை வைத்தேன். மோட்டாரின் சுவிட்சை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நீங்களே நகர்த்துங்க சார். எப்ப நகர்த்துறீங்கன்னு எங்ககிட்டச் சொல்ல வேண்டாம்."

அறையில் சத்தமே இல்லை. அவர் சுவிட்சை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அது அவருடைய வேலை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிறகு அழுத்தினார். டப், டப் டப். விட்டார். நின்றது. சட்டென்று இரண்டு முறை அழுத்தினார். இரண்டு முறையும் பேசியது. பெரிய அட்டையை எடுத்து ஆட்டிப் பார்த்தார். நரம்பு வாயைத் திறக்கவில்லை. கடுகுக்கு மட்டும் பேசியது. அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம் வந்ததை அவரால் மறைக்க முடியவில்லை.

அவர் இன்னொரு முறை அழுத்தியபோது மூலையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவளுக்கு அந்தக் கடுகு தெரியாது.

"இப்ப நகருது."

பேராசிரியர் கையை எடுத்தார்.

"நின்னுருச்சு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி அழுத்தினார்.

"நகருது. வேகமா போகுது. நின்னுருச்சு. இன்னும் நிக்கிது. ஆ, இப்ப போகுது." அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினாள். சிரிப்பு இல்லை அவள் முகத்தில். "ஏ புள்ள, எம்புட்டு பெருசு அது?"

"கடுகுக்கா. ஒரு கடுகு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண் போன நாளுக்குப் பிறகு, கோழிக்குஞ்சைக்கூடப் பார்க்க முடியாதவள், ஒரு கடுகு எப்போது நகர்கிறது என்று ஒருமுறைகூடத் தப்பாமல் சொல்லியிருந்தாள்.

பேராசிரியர் சுவிட்சை மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து என் குறிப்புகளை எடுத்தார். முறையான எர்த்திங் செய்யப்பட்டது என்று அவர் கைப்படச் சிவப்பு மையில் திருத்தியிருந்தது எனக்கும் தெரிந்தது. அந்தத் திருத்தத்தை அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். "நீ எழுதுனதே இருக்கட்டும்மா. கமிட்டில நான் பேசிக்கிறேன்" என்றார்.

அம்மா டீ போட எழுந்தாள். நாற்காலியை அம்மா மறுபடி வெளியே போட்டிருந்ததால் அவர் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யலாம், எத்தனை தட்டான் வேண்டும், எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார். நானும் பேசினேன்.

"சார்" என்று அக்கா குறுக்கே வந்தாள். "நான் இத எப்ப காதுல மாட்டிக்கிறது?"

அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்டானின் கணக்கு முழுதாகத் தெரிய வேண்டும், அதைக் கருவியாக்க வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும். "எப்படியும் எட்டுப் பத்து வருசம் ஆகும்க்கா" என்றேன்.

அக்கா விரலை மடக்கித் தன் வயதோடு கூட்டிப் பார்த்தாள்.

"சரி, இருப்பேன்" என்றாள். "அப்ப ரெண்டு பேரும் எதுக்கு உக்காந்து பேசிட்டு இருக்கீக? எந்திரிங்க. அடுத்த தட்டான எடுங்க."